முக்கால் வேகம்

இவர் இன்பராஜ் சாராக இருக்க முடியாது. முகம் அதே முகம், கண்ணாடி அதே கண்ணாடி, சட்டைப் பையில் குத்தியிருக்கும் சிவப்புப் பேனாகூட அதேதான். ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த வேகமும், கல் பெட்டியை மேசைமேல் டொப்பென்று வைத்த வேகமும், வைத்த கையோடு பேச ஆரம்பித்த வேகமும் வேறு யாருடையதோ. நான் அறிந்த இன்பராஜ் சார் ஒரு சொல்லைச் சொன்னால் அது நம் காதுக்குள் போய் உட்காரும்வரை காத்திருப்பார். கோவில் யானை மாதிரி நடப்பார். பலகையில் அவர் ஒரு கோடு இழுத்தால் அது மேலிருந்து கீழே வந்து சேர்வதற்குள் நான் ஒரு வெங்காயத்தை உரித்துவிடுவேன். மாதக்கணக்காக என் அடுப்படியில், மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்த டேப்புத் திரைக்குள் இருந்துகொண்டு எனக்குப் பாடம் சொன்னவர் அவர். இங்கே நிற்பவரோ வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது வாக்கியத்தில் இருக்கிறார். "இன்னிக்கு நாம என்ன பாக்கப்போறோம்னா, நீங்க வீட்டுல இருந்து கொண்டாந்து தந்த கல்லுகள, கேட்டீங்களா, அத நாங்க வெட்டி, கண்ணாடியில ஒட்டி, தேச்சுத் தேச்சு..." அதற்குமேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சுற்றிலும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன். மடியில் போன் இருக்கிறது. சத்தத்தை அணைத்து அதிர்வில் வைத்திருக்கிறேன். இன்னும் அதிரவில்லை.

"நல்லதுன்னா உடனே போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஏறினார். என் ரிசல்ட்டை வாங்க. நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ போய் உன் கல்லைப் பாரு நாயகி. ரெண்டு பேரும் அங்க உக்காந்துட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு இருக்கறதுக்கா?" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த நீல நாற்காலியில் இன்னொரு முறை உட்கார என்னால் ஆகாது. பஸ் போன பிறகுதான் அந்த வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. நல்லதுன்னா போன் பண்றேன். நல்லதில்லை என்றால்? அப்போது என்ன செய்வார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் குழந்தைவேலு என்றால் இந்தப் பல்கலைக்கழகத்தில் வாயைத் திறக்காதவர் என்று அர்த்தம். தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளர். முடிவு வரப்போகிற நாட்களில் மாணவர்கள் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் சும்மா வருவதுபோல வந்து அவர் முகத்தைப் பார்ப்பார்கள், ஏதாவது தெரிகிறதா என்று. ஒன்றும் தெரியாது. என் தம்பி மகள் இங்கேதான் படித்தாள். அவள் தேறவில்லை என்ற சேதியை நாள்கணக்கில் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டவர் இந்த மனிதர். முறைப்படி வெளியிட்ட பிறகுதான் சொன்னார். அப்படிப்பட்டவர் போன் பண்றேன் என்றதே பெரிய காரியம். இந்நேரம் டோக்கன் வரிசையில் இருப்பார். இருக்கலாம். சனிக்கிழமை கூட்டம் அதிகம். டாக்டர் தாமதமாக வந்திருக்கலாம். இருக்கலாம் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை தெரிகிறது. இத்தனை வருஷம் அதை மலை என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். மழை வருமா என்று பார்ப்பதற்கு ஒரு மலை. இப்போது அப்படிப் பார்க்க முடியவில்லை. அதற்குக் காரணம் அந்தச் சுற்றறிக்கை. வகுப்பறைகளிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் நடப்பதை எல்லாம் படம் பிடித்து ஓரிடத்தில் சேர்த்திருக்கிறோம், பல்கலைக்கழகச் சமூகத்தினர் அனைவரும் கேட்டுப் பயன்பெறலாம் என்று வந்திருந்தது. வீட்டுக்காரர் அதைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். "ஏங்க, சமூகம்னா அதுல நானும் உண்டா?" என்று கேட்டேன். அவர் துண்டில் கை துடைத்துக்கொண்டே, "பணியாளர், மாணவர், அவர்தம் குடும்பத்தினர்னு போட்டிருக்குது. நீ குடும்பத்தினர்" என்றார். நான் குடும்பத்தினர். அப்போதுதான் மகள் கார்த்திகா வேலை கிடைத்துப் புனே போயிருந்தாள். வீடு காலையில் ஒன்பது மணிக்கே முடிந்துபோய்விடும். அவள் ஏதோ ஆங்கிலப் பரீட்சைக்குப் பாடங்கள் கேட்டுக்கொண்டிருந்த பழைய டேப் அலமாரியில் கிடந்தது. அதைத் துடைத்து, அவர் பணியாளர் எண்ணைப் போட்டு உள்ளே போனேன். பொருளாதாரம் கேட்டேன், தூங்கிவிட்டேன். பூச்சியியல் கேட்டேன், பயந்துவிட்டேன். பிறகு ஒருநாள் பாறை. அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன், படித்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று. நிறுத்தி, நிதானமாக, கொஞ்சம் குழைந்த குரலில். அந்தப் படங்களில் பிள்ளைகள்கூடக் கைதூக்கினால் மெல்லத்தான் தூக்குவார்கள். மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். வகுப்பறை என்பது அவ்வளவு அமைதியான இடம் போலிருக்கிறது, நாம்தான் சந்தைக்கடை மாதிரி வாழ்கிறோம் என்று நினைத்து வீட்டில் நானும் கொஞ்சநாள் மெதுவாகப் பேசிப் பார்த்தேன். "உடம்பு சரியில்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

பாறைப் பாடம் போட்ட அன்று பருப்பு வெந்துகொண்டிருந்தது. சார் ஒரு கருநீலக் கல்லைக் கையில் தூக்கிக் காட்டினார். "இது நம்ம சேர்வராயன் மலைக் கல்லு. நம்ம பல்கலைக்கழகம் மொத்தமும் இதுமேலதான் நிக்குது. இதுக்கு வயசு" என்று சொல்லி நிறுத்தினார். நிறுத்தினார் என்றால் அப்படி ஒரு நிறுத்தம். குக்கர் ஒரு விசில் கொடுத்து அடங்கியது. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். சொல்வதா வேண்டாமா, இவர்கள் தாங்குவார்களா என்று யோசிப்பவர் மாதிரி அவர் இமை தாழ்ந்து எழுந்தது. "ஏறக்குறைய, எரநூத்தம்பது கோடி வருஷம்." எனக்குக் கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். எங்கள் துவைக்கிற கல் அதே நிறம். குவார்ட்டர்ஸ் கட்டும்போது தோண்டி எடுத்ததை அங்கேயே புரட்டிப் போட்டு வைத்தார்களாம். கார்த்திகாவின் பால் வாடைத் துணிகளை அதில்தான் கசக்கினேன். அவர் சட்டைக் காலரை அதில்தான் தேய்க்கிறேன். இங்கிருந்து ஏற்காட்டுக்கு பஸ் போகும் தூரத்தைக் கீழ்நோக்கிப் போனால் அந்த ஆழத்தில் வெந்து உருவானது இது என்று சார் சொன்னார். அப்போது பூமியில் ஒரு புல் கிடையாது. ஓர் எறும்பு கிடையாது. பார்க்க ஒரு கண் கிடையாது. யாரும் இல்லாத அந்தக் காலமெல்லாம் இருந்துவிட்டு, மேலே இருந்த மண்ணும் பாறையும் கரைந்து கரைந்து போக, தானாக வெயிலுக்கு வந்து, கடைசியில் என் சோப்பு நுரையைச் சுமந்துகொண்டு கிடக்கிறது. நான் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். வெயிலில் சூடாக இருந்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கும்பிடவில்லை. அன்று துணியை மெதுவாகத்தான் அடித்தேன்.

போன் அதிர்கிறது. என் தொடை முழுக்க அதிர்கிறது. எடுத்துப் பார்க்கிறேன், கார்த்திகா. ஒர்க்‌ஷாப் எப்படிப் போகுது அம்மா என்று எழுதி ஒரு சிரிப்புப் படம் போட்டிருக்கிறாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. ரிசல்ட் வரட்டும் என்று இருக்கிறோம், அதுவும் தேர்வுப் பிரிவின் வழக்கம்தான். நன்றாகப் போகுது கண்ணு என்று எழுதி அனுப்பினேன். கண்ணு இரண்டு முறை விழுந்துவிட்டது. பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். குளிக்கும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது, இடப்பக்க மார்பில், உள்ளே ஒரு மொச்சைக்கொட்டை மாதிரி. வலியில்லை. வலியில்லாததுதான் மோசம் என்று எங்கேயோ கேட்டது ஞாபகம் வந்து, தண்ணீரைத் திறந்துவிட்டபடியே நின்றேன். டாக்டரம்மா நல்ல மாதிரிதான், ஆனால் என்ன வேகம். அப்படியும் இருக்கலாம் இப்படியும் இருக்கலாம், இதைச் செய்வோம் அதைச் செய்வோம், எதுவும் சொல்ல முடியாது, ரிப்போர்ட் வரட்டும், அடுத்து யாரு. நான் தலையாட்டினேன். வெளியே வந்து வீட்டுக்காரரிடம் "என்ன சொன்னாங்க?" என்று நான் கேட்க, அதே நேரத்தில் அவரும் என்னிடம் "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அந்தப் பேச்சைத் திரும்ப ஓட்டிக் கேட்க ஒரு வழியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஊசியால் ஒரு துணுக்கு எடுத்தார்கள். ஒரு சின்னப் புட்டியில் போட்டு, செல்வநாயகி, பெண் என்று எழுதி ஒட்டினாள் ஒரு நர்ஸ். "இதை என்ன பண்ணுவீங்க பாப்பா?" என்றேன். "மெழுகுல வச்சு மெல்லிசாச் சீவுவாங்க அக்கா. கண்ணாடியில ஒட்டிச் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்புல பாப்பாங்க" என்றாள். அவள் ஒருத்திதான் அங்கே எனக்குப் புரிகிற வேகத்தில் பேசினாள்.

அடுத்தநாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே சாரின் அடுத்த பாடத்தைப் போடுகிறேன், அவர் சொல்கிறார், பாறைக்குள்ள என்ன இருக்குன்னு வெளிய இருந்து தெரியாது, ஒரு துணுக்கு வெட்டி எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடே போகிறவரை தேய்க்க வேண்டும், ஒரு தலைமுடியின் பாதிகூட இருக்காது, அவ்வளவு மெல்லிசு. எனக்குக் கை அப்படியே புளித்தண்ணீருக்குள் நின்றுவிட்டது. படத்தை நிறுத்தினேன். சாரின் வாய் பாதி திறந்தபடி நின்றது. கல்லையும் இப்படித்தான் பார்க்கிறார்கள், என்னையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம், எங்கோ ஒரு அறையில் முன்பின் தெரியாத ஒருவர் இந்நேரம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், உனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றது. பாடத்தின் முடிவில் அறிவிப்பு வந்தது, சனிக்கிழமை பயிற்சிப் பட்டறை நடக்கிறது, பாடங்களைக் கேட்பவர்கள் யாரும் வரலாம், வீட்டிலிருந்து ஒரு கல் கொடுங்கள், சீவி வைக்கிறோம் என்று. நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்த் துவைகல்லின் மூலையில் தட்டினேன். உடையவே இல்லை. எதிர்வீட்டு டிரைவரைக் கூப்பிட்டுத்தான் உடைக்க வேண்டியிருந்தது. "எதுக்குங்க அக்கா நல்ல கல்ல ஒடைக்கறீங்க?" என்று கேட்டார். பார்க்கத்தான் என்றேன். நிலவியல் துறையில் அதை வாங்கிக்கொண்ட பெண் செல்வநாயகி, சி பிளாக் என்று எழுதி ஒட்டினாள். ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் என் பெயரை ஒட்டி இரண்டு துணுக்குகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்தான் இப்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், ஆராய்ச்சி மாணவியாம். அடக்க முடியாமல் குனிந்து கேட்டேன். "சார் ஏன் கண்ணு இன்னிக்கு இவ்வளவு வேகமாப் பேசறாரு? ஏதாவது அவசரமா?" அவள் சிரித்தாள். "சார் எப்பவும் இப்படித்தாங்க." "டேப்புல இப்படி இல்லியே. நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாரே" என்றேன். அவள் தன் போனில் அதே பாடத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். அதே கருநீலக் கல். இதுக்கு வயசு ஏறக்குறைய எரநூத்தம்பது கோடி வருஷம், அடுத்து இதுல என்னென்ன இருக்குன்னா. ஒரு மூச்சு இடைவெளி, அவ்வளவுதான். குக்கர் விசிலுக்கு இடமே இல்லை. "உங்க டேப்புல வேகத்தைக் கொறச்சு வச்சிருக்கீங்களோ? ஓரத்துல ஒரு நம்பர் இருக்குமே" என்றாள். இருக்கும். சைபர், புள்ளி, ஏழு, ஐந்து. தினமும் பார்க்கிறேன். பாடத்தின் எண் என்று நினைத்திருந்தேன். எல்லாப் பாடத்துக்கும் ஏன் ஒரே எண் என்று ஒருநாளும் தோன்றவில்லை. கார்த்திகா ஆங்கிலம் புரிவதற்காக வைத்த வேகம், முக்கால் வேகம். அவள் புனே போய்விட்டாள், வேகம் என்னிடம் தங்கிவிட்டது.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யானை நடையும் போச்சு, சோம்பல் மின்விசிறியும் போச்சு, கைதூக்கும் பிள்ளைகளின் அடக்கமும் போச்சு. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். சிரிப்பு அடங்கின இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அந்த நிறுத்தம். அதை அவர் எனக்குக் கொடுத்தார் என்று நினைத்திருந்தேனே. அத்தனை கோடி வருஷத்தை வாயில் வைத்துக்கொண்டு அவரும் என்னைப்போலவே ஒரு கணம் கும்பிடத் தோன்றி நின்றார், அவருக்கும் கை மயிர் எழுந்தது, நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கல்லுக்கு முன்னால் ஒன்றாக நின்றோம் என்று நினைத்திருந்தேனே. அவர் நிற்கவே இல்லை. பஸ் கண்டக்டர் நிறுத்தம் சொல்வதுபோல சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நின்றது நான் மட்டும்தான். அவமானமாக இருந்தது என்று சொல்ல முடியாது, தனியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் துணுக்கைக் கொடுத்துவிட்டு வந்த இந்த நாட்களில் அந்தக் குரலைத்தான் ஊன்றிக்கொண்டு நடந்தேன். மதியம் தூக்கம் வராதபோது பாடத்தைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். அவசரமில்லாத ஒரு குரல் உலகத்தில் இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. இப்போது பார்த்தால் எல்லோரும் டாக்டரம்மா மாதிரிதான். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் என்ன செய்வது, போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கேயும் அதைத்தான் செய்கிறேன். எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சிக்னல் இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது, ஒன்றுமில்லை.

"சி பிளாக் செல்வநாயகி அம்மா" என்று கூப்பிடுகிறார்கள். வரிசையாக மைக்ராஸ்கோப்புகள். ஒவ்வொருவருக்கும் அவரவர் கல். சார் நேராக என்னிடம் வந்தார். "இது நீங்க தந்தது தானம்மா? துவைக்கிற கல்லுன்னு சொன்னீங்களாமே. பிரமாதமான கல்லு, கேட்டீங்களா, இப்படிக் கெடைக்காது, வாங்க வாங்க, ஒரு கண்ணை மூடுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார். கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அதில் ஏதோ அழுக்கு மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். சுத்தியலுக்கு அசையாத என் கல்லின் ஊடே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. குனிந்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு ஒரு வெள்ளை வட்டம், அதில் வெளிறிய சில்லுகள், கோலம் அழிந்த வாசல்போல. இவ்வளவுதானா என்று நினைத்தேன். "இருங்க" என்று அவர் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகட்டை உள்ளே தள்ளினார்.

என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று தெரியவில்லை. மஞ்சள், ஆரஞ்சு, மயில்கழுத்து நீலம், வரி வரியாகச் சாம்பல், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, இடைவெளியே இல்லாமல். கறுப்புக் கல் அது. காலமெல்லாம் கறுப்பு என்று நினைத்துத்தான் அதன்மேல் அடித்தேன். அவ்வளவும் உள்ளேயே இருந்திருக்கிறது, நான் அடிக்கும்போதும் இருந்திருக்கிறது, நான் பிறப்பதற்கு முன்னும், கண் என்று ஒன்று உண்டாவதற்கு முன்னும். யாருக்காக இருந்தது. யாருக்காகவும் இல்லை. "தட்டைத் திருப்புங்க" என்றார் சார். கல் வைத்திருந்த வட்டத் தட்டை விரலால் திருப்பினேன். மஞ்சள் அணைந்தது, பக்கத்தில் இருந்த சாம்பல் வெளுத்து எரிந்தது, நீலம் இருண்டது, இருந்த இடத்திலேயே இன்னொன்று விடிந்தது. நடுவில் ஒன்று மட்டும் கறுப்பாகவே இருந்தது. எப்படித் திருப்பினாலும் கறுப்பு. "இது ஏன் சார் மாறவே இல்லை?" என்றேன். "அது கார்னெட்டும்மா. மோதிரத்துல வைக்கிற ஜாதி. இந்த வெளிச்சத்துல அது எப்பவும் கறுப்பாத்தான் தெரியும். சுத்தி இருக்கறதப் பாருங்க. நானும் ஒருக்கா பாக்கட்டா?" என்றார். நான் நகர்ந்துகொண்டேன். அவர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக் குனிந்தார். பேச்சு நின்றது. நான் காத்திருந்தேன். அவர் தட்டைக் கொஞ்சமாகத் திருப்பினார், நிறுத்தினார், மறுபடி திருப்பினார். இதுபோல ஆயிரம் பார்த்திருப்பார். பக்கத்து மேசையில் யாரோ "சார்" என்று கூப்பிட்டார்கள். அவர் காதில் விழவில்லை. முழங்கைக்குக் கீழே அவர் கையில் நரைத்த மயிர் எழுந்து நின்றிருந்ததை நான் பார்த்தேன். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். டேப்பில் எனக்குக் கிடைத்த நிறுத்தத்தைவிட இது நீளம்.

மறுபடி குனியப் போகும்போதுதான் கதவருகே பார்த்தேன். என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கையில் ஒரு பழுப்புக் கவரோடு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதே தேர்வுப் பிரிவு முகம். தெரிய வேண்டிய தேவையும் இல்லை. போன் அதிரவே இல்லை. போன் பண்ணாமல் வந்திருக்கிறார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மொச்சைக்கொட்டை, புட்டி, நீல நாற்காலி, கார்த்திகாவின் சிரிப்புப் படம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து போயின. அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பஸ் வியர்வை வாடை அடித்தது. "நாயகி" என்றார். "இருங்க. முதல்ல இதைப் பாருங்க" என்றேன். "என்ன?" "நம்ம துவைக்கிற கல்லு. ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க." கல்லு கல்லுன்னு என்னத்தைத்தான் பாக்கறியோ என்று கேலி பண்ணியே பழகியவர், கவரை என்னிடம் கொடுக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். தப்பான கண்ணை மூடி, மாற்றி மூடினார். பிறகு அசையவில்லை. நான் அவர் விரலைப் பிடித்துத் தட்டின்மேல் வைத்தேன். "திருப்புங்க, நிறம் மாறும்."

திருப்பினார். கண்ணை எடுக்காமலே, "இருக்குதாம்" என்றார். நான் உம் என்றேன். "ஆரம்பம்தானாம். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாங்கறாங்க. அப்புறம் மருந்து. அந்தம்மா வேகமாச் சொல்லிட்டுப் போச்சு, பாதிதான் வெளங்குச்சு எனக்கு." நான், "ரெண்டு பேரும் போயி மெதுவாச் சொல்லச் சொல்லிக் கேக்கலாம். எத்தனை தடவ வேணாலும் கேக்கலாம்" என்றேன். குரல் என்னுடையதாகத்தான் இருந்தது. "கேக்கலாம்" என்றார். அவர் விரல் தட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தது. "நடுவுல ஒண்ணு கறுப்பாவே நிக்குதே நாயகி." "அது அப்படித்தான் நிக்கும். சுத்தி இருக்கறதப் பாருங்க." அவர் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு என்ன புரிந்ததோ, யாரும் எங்களை நகரச் சொல்லவில்லை. சேதியைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கும்படி அவர் வைத்துக்கொள்ளவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்து, எனக்கு இடம் விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தபடி நின்றார். நான் குனிந்தேன். ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கலாக இருந்தது. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி ஈரமாக இருந்தது. முந்தானையால் அதை மெல்லத் துடைத்துவிட்டு மறுபடியும் கண்ணை வைத்தேன்.